செலண்டாரில் கனடாவும் ரஷ்யாவும்

மலாக்காவில் செலண்டாரைத் தாண்டிச் செம்பனைத் தோட்டத்துக்குள் கொஞ்ச தூரம் போனால் கனடா வரும். சாக்கடைக்கு அந்தப் பக்கம் ரஷ்யா. தோட்டத்தின் மேல் டிவிஷனில் பிறந்தவன் தொட்டிலிலேயே கனடாக்காரன், கீழ் டிவிஷனில் பிறந்தவன் ரஷ்யாக்காரன். குளிர்ப்பெட்டியின் மேல்தட்டில் உறைகிற பனியைத் தவிர வேறு பனியை இவர்களில் ஒருவனும் கண்ணால் கண்டதில்லை. இருந்தும் பள்ளி விடுமுறை வந்தால் போதும், பனிஹாக்கி உலகக் கோப்பைக்காக மண்டையை உடைத்துக்கொள்வார்கள். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அந்த மண்டைகளுக்கு மஞ்சள் பற்றுப் போட்ட பெண்களுக்குச் சிரிப்பு வராது.

எல்லாம் ஒரு வீடியோ கேசட்டால் வந்த வினை. தஞ்சோங் கிளிங்கிலிருந்து கப்பல் வேலைக்குப் போன காந்தன் என்பவன், கனடாத் துறைமுகம் ஒன்றில் எவனோ தொலைக்காட்சியிலிருந்து பதிந்து கொடுத்த கேசட்டைக் கொண்டுவந்தான். தோட்டத்தில் ஒரு கல்யாணத்துக்கு வீடியோப் பெட்டி வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பந்தி முடிந்ததும் காந்தன் அதில் கேசட்டைப் போட்டான். எண்பத்தேழாம் ஆண்டு ஜனவரியில், அந்தக் காலத்துச் செக்கோஸ்லோவாக்கியாவில், இளையோர் உலகப் போட்டி. கனடாவும் சோவியத் ரஷ்யாவும். கனடா நான்கு, ரஷ்யா இரண்டு என்று போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில் ஒருவனை ஒருவன் இடித்தான், இடித்தவனை இன்னொருவன் குத்தினான், இரண்டு பக்கத்துப் பெஞ்சும் காலியாகி எல்லாரும் பனியில் இறங்கிவிட்டார்கள். கையுறைகள் பறந்தன. மூக்குகள் உடைந்தன. கல்யாண வீடே எழுந்து நின்று கத்தியது. அந்த நேரம் பார்த்து அரங்கத்து விளக்குகள் எல்லாம் அணைந்தன. இருட்டில் நிழல்கள் புரண்டுகொண்டிருக்கும்போது கேசட் தீர்ந்துபோனது.

ஆங்கில வர்ணனை யாருக்கும் காதில் ஏறவில்லை. கண்ணால் பார்த்ததுதான் சட்டம். அன்றைக்கே தோட்டம் முடிவு கட்டிவிட்டது: இந்த விளையாட்டு இப்படித்தான் முடியும். ஆட வேண்டியதை ஆட வேண்டியது, பிறகு விளக்கை அணைக்க வேண்டியது, இருட்டில் அடித்துத் தீர்க்க வேண்டியது.

அடுத்த ஆண்டே ஆரம்பித்துவிட்டார்கள். சிமெண்டுத் தரையில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி வழுக்கி விளையாடினார்கள். கொய்யாக் கிளையை வளைத்து மட்டை, கெட்டி ரப்பரை வட்டமாக வெட்டி அடிக்கிற வில்லை. பிறகு பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் சக்கரக் காலணி மலிவாகக் கிடைத்தது. தலைக்கு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். மேலே தகரக் கூரை போட்ட கோர்ட்டு வந்தது, நான்கு மூலைக்கும் பெரிய விளக்குகள் வந்தன. இறுதியாட்டத்தின் முடிவு விசிலுக்குப் பிறகு அந்த விளக்குகளை அணைப்பதற்கு 'இருட்டு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டாவது விசில் வரைக்கும் இருட்டு. அதற்கென்று ஒரே ஒரு விதிதான். இருட்டில் நடந்ததை வெளிச்சத்தில் கேட்கக் கூடாது.

நாகரிகமான விதி. ஆண்டு முழுக்கச் சேர்த்து வைத்த வேலிச் சண்டை, பெண்பிள்ளை விவகாரம், கோயில் கமிட்டிக் குடுமிப்பிடி எல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்தில் தீர்க்கப்பட்டன. விலா எலும்பு முறிந்தவன் செலண்டார் கிளினிக்கில் போய், மாடிப்படியில் விழுந்தேன் என்பான். தோட்டத்தில் மாடி வீடே கிடையாது.

அந்த விளக்குகளின் சுவிட்ச் கமலவேணியின் கையில் இருந்தது. அவள் புருஷன் தோட்டத்து வயர்மேன். அவன் நெஞ்சுவலியில் போனபிறகு, பெண்பிள்ளை கை ஒரு பக்கம் சாயாது என்று சொல்லிக் கமிட்டி அவளிடமே சுவிட்ச் பெட்டியின் சாவியைக் கொடுத்தது. கோர்ட்டைக் கூட்டிப் பெருக்குவதும் அவள்தான். பெருமையாகத்தான் இருந்தது அவளுக்கு. ஊரே அவள் விரலைப் பார்த்துக்கொண்டு நிற்கும், அவள் பிடியைக் கீழே இழுத்ததும் ஓவென்று கூச்சல் கிளம்பும், அந்தக் கூச்சல் அவள் உடம்புக்குள் போய் வரும்.

எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய இறுதியாட்டத்திலும் அவள்தான் இழுத்தாள். இரண்டாவது விசிலுக்கு விளக்கைப் போட்டபோது அவளுடைய மூத்த மகன் தர்மேந்திரன் தரையில் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட் எங்கேயோ உருண்டு கிடந்தது. இரண்டு கையாலும் இடது கண்ணைப் பொத்தியிருந்தான். விரலிடுக்கில் வழிந்தது இரத்தம் மட்டுமில்லை. அவன் அழவில்லை. "ம்மா, ரொம்ப இருட்டா இருக்கும்மா, லைட்ட போடும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். விளக்குகள் நாலும் எரிந்துகொண்டிருந்தன.

எவன் செய்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. ரஷ்யாவின் கேப்டன் யுவனேஸ்வரன் அதற்குப்பிறகு இவர்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை என்பது மட்டும்தான் ஊருக்குத் தெரியும். கமலவேணி அவன் தாய் பெத்தம்மாளிடம் போய் நின்றாள். இரண்டு பேரும் ஒரே லய வீட்டு வரிசையில் வளர்ந்தவர்கள், ரப்பர் பால்மரம் சீவப் போன காலத்தில் ஒரே தூக்குச்சட்டியில் தின்றவர்கள். பெத்தம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இருட்டுல நடந்தது, வேணி. என்னைக் கேட்டா நான் என்னத்த சொல்றது?" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தைக் கமலவேணி எட்டு ஆண்டும் மென்று கொண்டிருந்தாள். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. போலீசுக்குப் போகலாம் என்றால், விளக்கை அணைத்தது யார் என்று முதல் கேள்வி வரும்.

தர்மேந்திரன் ஒற்றைக் கண்ணோடு பக்கத்து ஊர் ஜாசினில் டயர் கடையில் வேலை பார்த்தான், நிர்மலாதேவியைக் கட்டினான், ஒருவிதமாக நிமிர்ந்துவிட்டான். நிமிராதவன் சின்னவன் குகன்தான். அண்ணனுக்குக் கண் போனபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பயல், இப்போது குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறான். தோள் இரண்டும் கதவு மாதிரி. இந்த ஆண்டு கனடாவின் தடுப்பாட்டக்காரன்.

இறுதியாட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, குகனின் மட்டையை எடுத்து ஓரமாக வைக்கப்போன கமலவேணிக்குக் கை கனத்தது. அடிப்பக்கம் கறுப்புத் துணிநாடா சுற்றியிருந்தது. வழக்கமாகச் சுற்றுவதுதான், ஆனால் இவ்வளவு தடிமனாக இல்லை. நகத்தால் கிளறிப் பார்த்தாள். உள்ளே, செம்பனைக் குலை அறுக்கிற அரிவாளின் நுனி. ஒடித்து, தீட்டி, பதித்து வைத்திருந்தான். விரல் பட்ட இடத்தில் கோடாக இரத்தம் வந்தது.

குகன் குளித்துவிட்டு வந்தான். தாயின் விரலைப் பார்த்தான், மட்டையைப் பார்த்தான்.

"என்னாடா இது?"

"தெரியுதுல்ல. அப்பறம் என்னா கேள்வி?"

"கொல பண்ணப் போறியாடா?"

"கொலைலாம் இல்ல. ஒரு கண்ணு. அண்ணன்கிட்டருந்து எடுத்தான்ல, அத வாங்கிட்டு வர்றேன். கொஞ்சம் தள்ளிப் பட்டா அது அவன் தலையெழுத்து."

"யுவன்தான் எடுத்தான்னு நீ பாத்தியா? ஒங்கண்ணனே பாக்கலன்னு சொல்றானே!"

"பாக்க விட்டாதானம்மா?" குகன் துண்டை உதறிக் கொடியில் போட்டான். "நீதான லைட்ட அணைச்ச."

அறைந்துவிட்டாள். கை அவளையறியாமல் ஓங்கிவிட்டது. அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தான், அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. "அடிம்மா. ஆனா ரெண்டாவது விசிலுக்கு லைட்ட போடும்போது நான் மட்டைய கழுவிட்டு நிப்பேன். யாரும் கேக்க மாட்டாங்க. ஒனக்குத் தெரியாததா?"

அந்த மட்டையை அவள் அன்றைக்கே மலக்குழிக்குள் போட்டாள். குகன் அதற்குக் கோபப்படவுமில்லை. "அரிவாளுக்கா பஞ்சம் இந்தத் தோட்டத்துல?" என்று கேட்டுவிட்டுச் சோற்றில் கையை வைத்தான்.

மறுநாள் காலை பஸ் பிடித்து ஜாசின் மார்க்கெட்டுக்குப் போனாள். பெத்தம்மாள் அங்கே காய்கறி விற்கிறாள். கத்தி விஷயத்தைச் சொல்ல முடியாது. சொன்னால் ரஷ்யாவும் நாளைக்குக் கத்தியோடு வரும். "அக்கா, யுவன நாளைக்கு எறக்காத. காய்ச்சல்னு சொல்லிரு" என்று மட்டும் சொன்னாள்.

பெத்தம்மாள் வெண்டைக்காயை அள்ளிப் போட்டுக்கொண்டே, "கேப்டன் வீட்ல ஒக்காந்தா ஊரு காறித் துப்பும்லா" என்றாள். பிறகு நிமிர்ந்து பார்த்து, "என்னா வேணி, இத்தன வருஷம் கழிச்சி வந்து பயங்காட்டுறியா?" என்று கேட்டாள். அதற்குமேல் பேச அங்கே ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து மருமகளிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். நிர்மலாதேவி கெட்டிக்காரப் பெண், எதற்கும் அலறமாட்டாள். கைத்தொலைபேசியை எடுத்து எதையோ தேடி, மாமியாருக்கு முன்னால் பிடித்தாள். அதே கல்யாண வீட்டு ஆட்டம். அதே கையுறைகள், அதே மூக்குகள். ஆனால் இதில் கேசட் தீரவில்லை.

"அத்த, அந்த லைட்ட எதுக்கு அணைச்சாங்கன்னு தெரியுமா?"

"சண்ட போடத்தான்."

"சண்டைய நிறுத்த. ரெஃப்ரிங்களால முடியல. என்னா செய்றதுன்னு தெரியாம, பயந்து போயி லைட்ட அணைச்சிப் பாத்தாங்க. அப்பறம் ரெண்டு டீமையும் போட்டிய விட்டே தொரத்திட்டாங்க. கப்பு ரெண்டு பேருக்கும் இல்ல."

கமலவேணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்துவதற்காக எவனோ ஒரு வெள்ளைக்காரன் பதறிப்போய்ச் செய்ததை, ஆரம்பிப்பதற்காக இவர்கள் இத்தனை ஆண்டு செய்திருக்கிறார்கள். இவள் கையால் செய்திருக்கிறார்கள். ஒரு கேசட் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருந்தால் என் பிள்ளைக்குக் கண் இருந்திருக்கும் என்று நினைத்தாள்.

தொலைபேசியோடு மருமகளைக் கூட்டிக்கொண்டு பிச்சைமுத்துவின் வீட்டுக்குப் போனாள். இரண்டு லோரிக்குச் சொந்தக்காரர், கோயில் செயலாளர், போட்டியின் மைக்கும் விசிலும் அவரிடம்தான். அன்று அந்தக் கேசட்டைப் பார்த்துக் குதித்த இளவட்டங்களில் அவரும் ஒருவர். படத்தைப் பார்த்தார். நிர்மலாதேவி சொன்னதைக் கேட்டார். கொஞ்ச நேரம் மூக்கைச் சொறிந்தார்.

"அது அவனுங்க வழக்கம், வேணி. இது நம்ம வழக்கம்."

"அண்ணே, நாளைக்கு ஏதாச்சும் ஆயிரும்ணே. எம்மனசு சொல்லுது."

"ஒனக்குப் பயமா இருந்தா சாவிய குடுத்துட்டு வீட்ல இரு. அணைக்கிறதுக்கு ஆளா இல்ல?"

அவர் கையை நீட்டினார். கமலவேணி இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "வேணாம்ணே. நானே பாத்துக்கறேன்" என்றாள். அந்த நிமிஷத்தில்தான் அவள் முடிவெடுத்தாள். இருட்டு இருந்தால்தானே குகன் கத்தியை எடுப்பான். அத்தனை பேர் கண்ணுக்கு முன்னால், வெளிச்சத்தில், எவனுக்குத் துணிச்சல் வரும்?

இறுதியாட்டத்தன்று சாயங்காலமே கோர்ட்டு நிறைந்துவிட்டது. ஜாசினிலிருந்தும் மலாக்கா டவுனிலிருந்தும்கூட மோட்டாரில் வந்திருந்தார்கள். பிச்சைமுத்து மைக்கைத் தட்டி வழக்கமான சரித்திரத்தை ஆரம்பித்தார்.

"இருவதாம் வருஷம் பெல்ஜியத்துல ஆரம்பிச்ச உலகப் போட்டிங்க இது! மொத கப்பே கனடாவுக்கு!" மேல் டிவிஷன் விசிலடித்தது. "அம்பத்து நாலுல ரஷ்யாக்காரன் மொத தடவ வந்தான். வந்த வருஷமே கனடாவ ஏழுக்கு ரெண்டுன்னு சாத்துனான், கப்ப தூக்கிட்டுப் போனான்!" கீழ் டிவிஷன் தகரத் தடுப்பைத் தட்டித் தீர்த்தது. "அறுவத்தெட்டுல ரஷ்யாக்காரன் செக் நாட்டுக்குள்ள டாங்கிய வுட்டான். அடுத்த வருஷப் போட்டியில செக்காரன் அவன ரெண்டு ஆட்டத்துலயும் கவுத்தான். கவுத்துட்டுக் கைகூட குடுக்கல! மானம்னா அது!" இப்படிப் போய் எண்பத்தேழில் வந்து நிற்பார். அதற்குப் பிறகு உலகத்தில் பனிஹாக்கியே நடக்காதது மாதிரி. "அன்னைக்கு அங்க லைட்டு அணைஞ்சிச்சு. இன்னைக்கு இங்க அணையும்!" கூட்டம் காது கிழியக் கத்தியது. நேற்று உண்மையைக் கேட்டவரின் வாய்தான் அது, கொஞ்சமும் கூசவில்லை.

ஆட்டம் ஆரம்பித்த கையோடு இரத்தம் பார்த்துவிட்டது. ரஷ்யாவின் முன்னாட்டக்காரன் கோகுலராஜ் வில்லையைத் தள்ளிக்கொண்டு ஓரமாக வந்தான். குகன் குறுக்கே பாய்ந்து தோளால் இடித்தான். தகரத் தடுப்பு வளைந்தது. கோகுலராஜ் சரிந்து வாயைத் திறந்தபோது பல் ஒன்று சிமெண்டில் விழுந்து உருண்டது. அவன் அதைப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து திரும்ப ஆடினான். அடுத்த சுற்றில் கனடாக்காரன் ஒருவனை இரண்டு பேர் சேர்த்துப் பிடித்து, மட்டையின் காம்பால் முழங்காலுக்குப் பின்னால் கொடுத்தார்கள். அவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெஞ்சில் கிடத்தினார்கள். எழுந்தவன் வலியில் வாந்தியெடுத்தான். கெட்டி ரப்பர் வில்லை பறந்து வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆளின் நெற்றியைப் பிளந்தது. கூட்டம் அதற்கும் கைதட்டியது. தரையெல்லாம் சிவப்புச் சக்கரத் தடங்கள்.

குகன் யுவனேஸ்வரனைத் தவிர எல்லாரையும் இடித்தான். அவனை மட்டும் தொடவில்லை. அவன் பக்கத்தில் வந்தால் விலகிப் போனான். சுவிட்ச் பெட்டிக்கு அருகே நின்ற கமலவேணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் மிச்சம் பிடித்து வைக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அவன் மட்டையின் அடியில் கறுப்பு நாடா தடிமனாகத்தான் இருந்தது.

நான்குக்கு மூன்று என்று ரஷ்யா ஜெயித்தது. முடிவு விசில் ஊதியது. இரண்டு அணியும் எதிரெதிரே வரிசையாக வந்து நின்றன. கூட்டம் காலால் பலகையை மிதிக்க ஆரம்பித்தது. "இருட்டு! இருட்டு! இருட்டு!"

கமலவேணி பெட்டியைத் திறக்கவில்லை. பூட்டின்மேல் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"வேணி! அணை!" மைக்கில் பிச்சைமுத்து.

"அணைக்க மாட்டேன்."

அவள் சொன்னது கேட்கவில்லை, தலையாட்டியது தெரிந்தது. பிறகு கெட்ட வார்த்தைகள் வந்தன, அவளைப் பெற்றவளையும் சேர்த்து. தண்ணீர்ப் போத்தல் ஒன்று தோளில் பட்டது. அடுத்தது புருவத்தைக் கிழித்தது. அவள் சொந்த டிவிஷன் ஆட்களே நாலு பேர் ஓடி வந்து கையைப் பிடித்து முறுக்கினார்கள். "சாவிய குடு கெழவி!" ஒருவன் கூந்தலைப் பற்றி இழுத்து, தலையைப் பெட்டியின் இரும்பில் மோதினான். காதுக்குள் ரீங்காரம். அவள் சாவியை உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கிக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகப் பின்னால் வளைத்தார்கள். சுண்டுவிரல் முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. விடவில்லை. தர்மேந்திரன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து ஒருவன் கழுத்தைப் பிடித்து இழுத்தான். "எங்கம்மாடா! எங்கம்மாடா அது!"

தரையில் அந்த இரண்டு வரிசையும் அப்படியே நின்றன. வெளிச்சத்தில் ஒருவனுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் முகம் தெரிகிறது, நேற்று கடன் வாங்கிய சுத்தியலைத் திருப்பிக் கொடுத்தவன் முகம் தெரிகிறது. பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஓங்கிய கைகள் தொங்கிப்போயின. எவனோ கெக்கலித்துச் சிரித்தான். கோகுலராஜ் உதட்டைத் துடைத்துக்கொண்டு தன்னை இடித்த வரிசையைப் பார்த்து, "போதும்லா, பசிக்குது" என்றான். இன்னும் சிலர் சிரித்தார்கள்.

இரத்தம் வழிந்த கண்ணோடு கமலவேணி இதைப் பார்த்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். முறிந்த விரலின் வலிகூட அப்போது அவளுக்குச் சுகமாகத்தான் இருந்தது.

யுவனேஸ்வரன் வரிசையை விட்டு முன்னால் வந்தான். குகனுக்கு முன்னால் நின்றான். விளக்கு எரிகிறது, இருட்டு இல்லை, இனி அடியில்லை என்ற நம்பிக்கையில் ஹெல்மெட்டைக் கழற்றினான். முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. வலது கையை நீட்டினான்.

"குகா. அன்னைக்கு ஒங்கண்ணன்..."

அதற்குமேல் அவன் பேசவில்லை. குகனின் மட்டை கீழிருந்து மேலே வந்தது. நாடாவுக்குள்ளிருந்த அரிவாள் நுனி தாடையில் ஏறி, கன்னத்தைப் பிளந்து, இடது கண்வரைக்கும் போனது. யுவனேஸ்வரன் நீட்டிய கையை மடக்காமலே விழுந்தான். குகன் மட்டையை மறுபடி ஓங்கிக் கழுத்தில் இறக்கினான். மூன்றாவதாக ஓங்கும்போதுதான் இரண்டு அணியும் சேர்ந்து அவன்மேல் விழுந்தன.

நாலு மூலை விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. குழந்தைகள் உட்பட எல்லாரும் பார்த்தார்கள்.

கமலவேணியின் கை தானாகத் திறந்துகொண்டது. அவள் விரலை முறித்தும் கிடைக்காத சாவி கீழே விழுந்தது. பிச்சைமுத்து தடுப்பைத் தாண்டி ஓடி வந்தார், வயசுக்கு மீறிய ஓட்டம். சாவியைப் பொறுக்கினார், பெட்டியைத் திறந்தார், பிடியைக் கீழே இழுத்தார். கோர்ட்டு இருண்டது. இருட்டுக்குள் அவர் குரல் மைக் இல்லாமலே எட்டுத்திக்கும் கேட்டது.

"எல்லாரும் கேட்டுக்குங்க! இருட்டுல நடந்துச்சு. வெளங்குதா? லைட்டு அணைஞ்சிருந்துச்சு. யாரும் எதையும் பாக்கல!"

கைத்தொலைபேசி வெளிச்சத்தில் யுவனேஸ்வரனைப் பலகையில் கிடத்தி ஒரு வேனில் ஏற்றினார்கள். மூச்சு இருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் கழுத்தில் குமிழி வந்தது. பெத்தம்மாள் வேனில் ஏறப்போனவள் திரும்பி, தடவித் தடவிக் கமலவேணியிடம் வந்தாள். பெத்தம்மாளின் புடவை முன்புறம் முழுக்க மகனின் இரத்தத்தில் நனைந்திருந்தது.

"வேணி. லைட்டு எரிஞ்சிட்டுதான இருந்துச்சு?"

கமலவேணி அணைந்த விளக்குகளை அண்ணாந்து பார்த்தாள்.

"சொல்லுடி. எரிஞ்சிட்டுதான இருந்துச்சு?"

ஆட்கள் பெத்தம்மாளை இழுத்துக்கொண்டு போய் வேனில் ஏற்றினார்கள். வேன் செம்மண் பாதையில் குலுங்கிக்கொண்டு போனது.

ஜாசினிலிருந்து போலீஸ் வந்தபோது கோர்ட்டு இன்னும் இருட்டாகத்தான் இருந்தது. சார்ஜன் கணேஸ்வரன் தமிழர், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டார். மட்டை எங்கேயோ போய்விட்டது. குகன் சட்டை மாற்றிக்கொண்டு, தலையைத் துவட்டிக்கொண்டு, பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருந்தான். கனடாக்காரனும் ரஷ்யாக்காரனும் ஒரே பாட்டைப் பாடினார்கள்.

"லைட்டு போயிருச்சு சார். ஒண்ணும் தெரியல."

"ஒரே இருட்டு சார்."

கோகுலராஜ்கூட, பல்லில்லாத வாயால், தன் கேப்டனின் இரத்தத்தில் காலை வைத்துக்கொண்டு, "பாக்கல சார்" என்றான். பிச்சைமுத்து பக்கத்தில் நின்று, "பழைய வயரிங் சார், அடிக்கடி ட்ரிப் ஆவும்" என்று எடுத்துக் கொடுத்தார்.

டார்ச் கமலவேணியின் முகத்துக்கு வந்தது. "நீங்கதான் லைட்டு பாத்துக்கறவங்களாம். புருவத்துல என்னா காயம்?"

"விழுந்துட்டாங்க சார், இருட்டுல" என்றார் பிச்சைமுத்து.

பெஞ்சின் கோடியிலிருந்து குகன் அவளைப் பார்த்தான். முகம் தெரியவில்லை, ஆனால் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரியும். பெற்றவளுக்குத் தெரியாதா? அவனை வயிற்றில் சுமந்துகொண்டு கோடு கோடாகப் பால்மரம் சீவியவள். அவள் ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை. தலையை ஆட்டினால் போதும், நாளைக்கு அவன் லோரி ஓட்டப் போவான். ஊரே சேர்ந்து அவள் மகனைக் காப்பாற்றித் தட்டில் வைத்து நீட்டுகிறது. எட்டு ஆண்டுக்கு முன்னால் எவனோ ஒருவனை இப்படித்தான் காப்பாற்றினார்கள். அவன் தாயும் இப்படித்தான் இருட்டில் நின்று தலையாட்டியிருப்பாள். இந்த ஆண்டு காப்பாற்றினால், அடுத்த ஆண்டு யுவனுக்காக எவனோ ஒருவன் குகனைக் குறிவைத்து மட்டையில் நாடா சுற்றுவான். நினைக்க நினைக்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. மகன்மேல் உயிராக இருந்தாள். அதுவும் அப்படியே இருந்தது.

"என்னாம்மா? லைட்டு அணைஞ்சிருந்துச்சா?"

கமலவேணி பெட்டி இருந்த பக்கம் திரும்பினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பெட்டியின் கதவு திறந்தேதான் தொங்கிக்கொண்டிருந்தது. "வேணி, வேணாம்" என்று பிச்சைமுத்து மெதுவாகச் சொன்னார். "ம்மா!" என்றான் குகன், சின்னப் பிள்ளைக் குரலில். முறிந்த விரலை ஒதுக்கி வைத்துக்கொண்டு, மீதி விரல்களால் பிடியைப் பற்றி மேலே தள்ளினாள்.

நாலு மூலையிலும் விளக்கு வந்தது. எல்லாரும் கண் கூசித் தலையைக் குனிந்தார்கள். தரையில் ஹெல்மெட் ஒன்று கிடந்தது. அதைச் சுற்றி இரத்தம், அதன்மேல் எல்லாருடைய காலடியும். குகனின் காதுக்குப் பின்னால், கழுவும்போது கைக்கு எட்டாத இடத்தில், காய்ந்த சிவப்பு.

"இப்படித்தான் சார் இருந்துச்சு" என்றாள் கமலவேணி. "இவ்ளோ வெளிச்சம். எல்லாரும் பாத்தாங்க. நானும் பாத்தேன்."

"யாரு பண்ணுனது?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள். நீட்டியதை மடக்கவில்லை.

"எம்மவன்."